கிளைக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள்: கீழத்தஞ்சையின் அனுபவமும் நமக்கான பாடமும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நினைவுச் சொற்பொழிவு என்றால் தலைவர்களைப் பற்றியும் தியாகிகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். நான் இன்று ஒரு பாயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு மேல், வேலை முடிந்து கஞ்சி குடித்துவிட்டு வந்தவர்கள் சேரியின் ஒரு திண்ணையில் விரித்து உட்கார்ந்த பாய். அதன் நடுவில் ஓர் அரிக்கேன் விளக்கு, ஒரு நோட்டுப் புத்தகம். கட்சிக் கிளைக் கூட்டம் என்பது கண்ணுக்குத் தெரிந்தவரை அவ்வளவுதான். ஆனால் கீழத்தஞ்சையில் மிராசுதார்கள் அஞ்சியது மேடைப் பேச்சைவிட இந்தப் பாயைத்தான் என்பது என் கருத்து. அந்தப் பாயில் யார் உட்கார்ந்தார்கள், யார் எழுதினார்கள், யார் கையில் பணம் இருந்தது, அங்கே எடுத்த முடிவு மேலே எங்கே போனது என்பவற்றைப் பார்த்தால், நம் விடுதலை வரலாற்றின் ஒரு பெரிய பகுதி விளங்கும்.

உட்காருவது என்ற சொல்லிலிருந்தே தொடங்குவோம். 1940களுக்கு முந்தைய தஞ்சைப் பண்ணையில் பண்ணையாளுக்கு உட்கார இடம் கிடையாது. மிராசுதார் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் நிற்க வேண்டும். என்ன கூலி, எந்த வயல், எத்தனை நாள், யாருக்குத் திருமணத்திற்குக் கடன் என்ற எல்லா முடிவும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருடையது. காரியக்காரர் வந்து சொல்லுவார், ஆள் செய்வான். தவறினால் சவுக்கடி. அதற்கும் மேலே சாணிப்பால். குடியிருந்த மனைக்கட்டும் மிராசுதாருடையது என்பதால், எதிர்த்துப் பேசினால் வேலையும் வீடும் ஒரே நாளில் போகும்.

சேரிக்குள் கூட்டமே இல்லாமல் இல்லை. நாட்டாமை இருந்தார், தெருக்கூட்டம் இருந்தது. சாவு, திருமணம், சண்டை, கோயில் கொடை ஆகியவற்றை அது பேசித் தீர்த்தது. ஆனால் கூலியைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. பெரிய வழக்கு என்றால் மிராசுதாரிடமே போக வேண்டும். கூடிப் பேசும் பழக்கம் நம்மிடம் முன்பே இருந்தது. பேச விடப்படாத பொருள்தான் ஒன்று இருந்தது.

1943வாக்கில் கம்யூனிஸ்ட் கட்சி பி.சீனிவாசராவைத் தஞ்சைக்கு அனுப்பியது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர், பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். சேரியிலேயே தங்கி, அங்கேயே உண்டு, விவசாயிகள் சங்கத்தைக் கட்டினார். அவர் செய்ததை நாம் மறக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் வந்ததால் மட்டும் சங்கம் எழுந்தது என்று எழுதும் வரலாறு பாதி வரலாறு. களப்பால் குப்பு போன்ற நம் மக்கள் ஊர் ஊராக இரவில் நடந்து போய் ஆள் சேர்த்தார்கள். தெருக்கூட்டம் என்ற பழைய ஏற்பாட்டின்மேல் புதிய அமைப்பை ஏற்றிவைத்தவர்கள் அவர்கள்.

அந்த அமைப்பில் இரண்டு அடுக்குகள் இருந்தன. மாணவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று சங்கம். சந்தா கட்டும் விவசாயி, விவசாயத் தொழிலாளி எவரும் அதில் சேரலாம். கொடிமரம் சங்கத்துடையது. இன்னொன்று கட்சிக் கிளை. அது சிறியது, எல்லாருக்கும் உடனே கதவு திறக்காது. உறுப்பினராக விரும்புபவரை ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் பரிந்துரைக்க வேண்டும். முதலில் அவர் பரீட்சார்த்த உறுப்பினர். கூட்டத்துக்கு வரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது. அந்தக் காலத்தில் அவரைக் கிளை கவனிக்கும். கொடுத்த வேலையைச் செய்கிறாரா, கூட்டத்தில் பேசியதை வெளியே போய்ச் சொல்கிறாரா, குடித்துவிட்டு வீட்டில் அடிக்கிறாரா என்றெல்லாம் பார்த்த பிறகே முழு உறுப்பினர்.

உறுப்பினரின் கடமைகள் கட்சி அமைப்புச் சட்டத்தில் வரிசையாக உண்டு. படிக்கும்போது உலர்ந்த வாசகங்களாகத் தோன்றும். கூட்டத்துக்குத் தவறாமல் வர வேண்டும். ஆண்டுதோறும் உறுப்பினர் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வருமானத்தில் ஒரு பங்கை லெவியாகக் கட்ட வேண்டும். கட்சிப் பத்திரிகையைப் படிக்க வேண்டும், பிறரிடம் சேர்க்க வேண்டும். ஏதேனும் ஒரு வெகுஜன அமைப்பில் வேலை செய்ய வேண்டும். பெரும்பான்மை முடிவுக்கு, தான் எதிர்த்து வாக்களித்திருந்தாலும், கட்டுப்பட வேண்டும். பிறர் தவறை விமர்சிக்க வேண்டும், தன் தவறைத் தானே சொல்ல வேண்டும்.

இவற்றைச் சேரியில் வைத்துப் பாருங்கள். பத்திரிகை படிக்க வேண்டும் என்ற கடமை, எழுத்தே மறுக்கப்பட்டவர்களிடம் வந்தது. எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் எழுத்துக் கூட்டக் கற்றார்கள். லெவி என்றால் கூலி நெல்லில் ஒரு பிடி. அதுவரை ஆண்டையிடம் வாங்க மட்டுமே தெரிந்தவர் என்று சொல்லப்பட்டவர், தனக்கென ஓர் அமைப்புக்குக் கொடுப்பவர் ஆனார். கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் வந்தது. விமர்சனம் என்றால், தலைவராக வந்த பெரியவரைப் பார்த்து, ‘தோழர், நீங்கள் சொன்னது தவறு’ என்று ஒரு பண்ணையாள் உட்கார்ந்தபடியே சொல்வது. இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பழகுவதற்கு எத்தனை தலைமுறை காத்திருந்தோம் என்பதை எண்ணிப்பாருங்கள்.

கிளை எப்படி வேலை செய்தது? கூலி உயர்வு கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கிளை கூடும். பக்கத்து ஊரில் என்ன கூலி, எந்த மிராசுதார் இறங்கி வருவார், யார் பிடிவாதம் பிடிப்பார், நடவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று பேசும். செயலாளர் வேலை பிரிப்பார்: இவர் வடக்குத் தெரு, அவர் தெற்குத் தெரு, பெண்களிடம் இன்னார் பேச வேண்டும். பிறகு சங்கக் கூட்டம். அங்கே எல்லாருக்கும் பேச்சு உண்டு. கோரிக்கை முடிவானதும் பேச்சுவார்த்தை. அது முறிந்தால் வேலைநிறுத்தம். வெளியூர் ஆள் இறங்காமல் வரப்பில் நிற்பது, பட்டினி கிடக்கும் வீட்டுக்கு நெல் சேர்ப்பது, வழக்கு வந்தால் ஜாமீனுக்கு ஆள் தேடுவது, எல்லாம் முடிந்தபின் எங்கே பிசகினோம் என்று மறுபடி கிளையில் உட்கார்ந்து பார்ப்பது. நடவுக்கும் அறுப்புக்கும் சில வாரங்களே உண்டு. அந்த நாட்களில் வயல் காத்திருக்காது. இந்த உண்மையை ஆயுதமாக்க, நாள் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஓர் அமைப்பு வேண்டும். தனி மனிதரின் வீரம் அதற்குப் போதாது.

1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. மிராசுதார்களும் விவசாயிகள் சங்கப் பிரதிநிதிகளும் அதிகாரிகள் முன்னிலையில் பேசினார்கள். கூலியைப் பற்றிய பேச்சு முதன்முறையாகக் கொல்லைப்புறத்திலிருந்து மேசைக்கு வந்தது. 1948இல் மாயூரத்தில் இன்னொரு ஒப்பந்தம். அதே ஆண்டில்தான் அடக்குமுறையும் இறங்கியது. களப்பால் குப்பு திருச்சி சிறையில் இறந்தார். 1950 மே மாதத்தில் வாட்டாக்குடி இரணியனும் ஜாம்பவானோடை சிவராமனும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கட்சி தலைமறைவான அந்த ஆண்டுகளில் தோழர்களை ஒளித்துவைத்ததும், சோறு கொண்டுபோனதும், செய்தி சொன்னதும் சேரிப் பெண்கள். ஆனால் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடினால் மிக அரிதாகவே கிடைக்கும். நடவு வேலைநிறுத்தத்தின் முதுகெலும்பே நடவுப் பெண்கள்தான். பாயில் மட்டும் அவர்களுக்கு இடம் குறைவு. இந்தக் குறையை நாம் சொல்லாமல் யார் சொல்வது?

1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. ராஜாஜி அரசு அதை மனமுவந்து கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டது. ஆனால் சட்டம் வந்ததும் பல மிராசுதார்கள் பண்ணையாளையே இல்லாமல் ஆக்கினார்கள். நிரந்தர ஆளைத் தினக்கூலி ஆக்கிவிட்டால் பண்ணையாள் சட்டம் அவனுக்குப் பொருந்தாதல்லவா? எந்த ஊரில் கிளை விழித்திருந்ததோ, மனு எழுதவும் அதிகாரி முன் சாட்சி சொல்லவும் ஆள் இருந்ததோ, அங்கே சட்டத்துக்குக் கொஞ்சம் உயிர் இருந்தது. மற்ற ஊரில் அது காகிதமாகவே கிடந்தது.

இனி வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலிப் போராட்டம் என்று அதைச் சுருக்கிச் சொல்கிறோம். கூலி மட்டுமல்ல. செங்கொடியை இறக்கு, உன் சங்கத்தை விட்டு எங்கள் நெல் உற்பத்தியாளர் சங்கத்தில் சேர் என்பதும் மிராசுதார்களின் கட்டளை. கூலியில் சற்றுக் கூட்டிக் கொடுப்பதால் அவர்கள் ஏழையாகிவிட மாட்டார்கள். நேற்றுவரை நின்றவன் இன்று தனக்கென ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுக்கிறான் என்பதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. 1970இல் அமர்வு நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பெரிய நிலக்காரர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத் தக்கதாக இல்லை என்ற வகையில் அந்தத் தீர்ப்பு பேசியது. வெண்மணிக்குப் பின் 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டமும், 1971இல் குடியிருப்பு மனைக்கு உரிமை தரும் சட்டமும் வந்தன. அவற்றுக்கு நாம் கொடுத்த விலை எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவும் பெருமை. இனிக் கசப்பானதைச் சொல்ல வேண்டும்.

கிளையில் பெரும்பான்மையாக இருந்த நம் மக்கள், மேலே போகப் போகக் குறைந்தார்கள். ஊரில் செயலாளராக இருக்கலாம், வட்டத்தில் சிலர் இருக்கலாம், பி.எஸ்.தனுஷ்கோடியைப் போல ஒருவர் மாவட்டத் தலைவராக உயரலாம். அதற்கு மேல்? மார்க்சிஸ்ட் கட்சி 1964இல் தோன்றியது. அதன் அரசியல் தலைமைக்குழுவில் முதல் தலித் உறுப்பினராக ராம்சந்திர தோம் இடம்பெற்றது 2022இல், கண்ணூர் மாநாட்டில். இடையில் 58 ஆண்டுகள். அடி வாங்கவும் கொடி பிடிக்கவும் 44 பேராகச் சாகவும் தகுதி உள்ளவர்களுக்கு, முடிவெடுக்கும் அறையில் உட்காரத் தகுதி வர 58 ஆண்டுகள் ஆயின. இதைப் பகைமையோடு சொல்லவில்லை. விமர்சனம் உறுப்பினரின் கடமை என்று கற்றுக்கொடுத்ததே அந்தப் பாய்தான்.

அப்படியானால் நம் கட்சிகள்? அம்பேத்கர் 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1942இல் நாக்பூரில் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவரானவர் நம் சென்னையின் என்.சிவராஜ். 1957 அக்டோபரில் குடியரசுக் கட்சி தொடங்கியபோதும் தலைவர் அவரே. தலைமை நம்முடையதாக இருந்தது. 1964 டிசம்பர் 6இல் அக்கட்சி தொடங்கிய நிலப் போராட்டத்தில் பல்லாயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். ஆனால் தலைவர்கள் பிரிந்தபோது கட்சியும் துண்டு துண்டாகப் பிரிந்தது. தலைவர் போகும் திசையைத் தடுத்து நிறுத்தி, ‘கிளை இதற்கு ஒப்பவில்லை’ என்று சொல்லும் வலிமை கீழே போதிய அளவு கட்டப்படவில்லை.

அம்பேத்கர் இதை முன்பே உணர்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். 1956 ஜூலையில் பம்பாயில் அரசியலில் நுழைவோருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். சில மாதங்களில், அதே ஆண்டு டிசம்பர் 6இல், அவர் மறைந்தார். உடல் நலிந்திருந்த நிலையிலும், இருந்த சிறிது காலத்தில் ஆளைத் தயார் செய்யும் வேலைக்கு அவர் நேரம் ஒதுக்கினார் என்பதை நாம் சரியாகப் படிக்க வேண்டும்.

ஆக, ஓர் இடத்தில் குழு இருந்தது, தலைமை நம்மிடம் இல்லை. இன்னோரிடத்தில் தலைமை இருந்தது, குழு வலுவாக இல்லை. இரண்டும் சேர்ந்த ஒன்றைக் கட்டுவதுதான் உங்கள் தலைமுறையின் வேலை.

அது பெரிய தத்துவமல்ல, சின்னச் சின்னப் பழக்கம். மாதம் ஒருமுறை, ஆள் குறைவாக வந்தாலும், கூட்டத்தை நடத்துங்கள். தீர்மானப் புத்தகம் எழுதுங்கள். வசூலித்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வாசியுங்கள். தலைமை தாங்கும் பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுங்கள். கூட்டம் பெண்கள் வரக்கூடிய நேரத்தில், வரக்கூடிய இடத்தில் நடக்கட்டும். தேநீர் போடும் வேலை அவர்களுக்கு, பேசும் வேலை உங்களுக்கு என்று பிரிக்காதீர்கள். நமக்குள்ளேயே இருக்கும் உட்சாதிக் கணக்கு யார் செயலாளர் என்பதைத் தீர்மானிக்கிறதா என்று கூட்டத்திலேயே கேளுங்கள். நீங்கள் வேறு எந்தக் கட்சியில் இருந்தாலும், சுவரொட்டி ஒட்டும் பட்டியலில் மட்டும் உங்கள் பெயர் இருந்தால், குழுப் பட்டியலை எடுத்து வரச் சொல்லுங்கள்.

வெண்மணிக்கு ஒவ்வோர் ஆண்டும் டிசம்பரில் போகிறோம், மலர் வைக்கிறோம். வையுங்கள். ஊருக்குத் திரும்பிய வாரத்தில் ஒரு பாய் விரித்து உட்காருங்கள். அங்கே எரிந்தவர்கள் விட்டுக்கொடுக்க மறுத்தது அந்த இடத்தைத்தான்.

ஜெய் பீம்.