மறைந்து நின்ற போலீசும் மஞ்சள் பூசிய கேமராவும்



போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில், 1989-ல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் சலான் படம் ஒன்றைப் போட்டிருந்தார். புறவழிச்சாலையில் வேகமாகப் போனதற்கு அபராதம். "சார், ஒளிஞ்சு நின்னு படம் எடுக்கிறது என்ன நியாயம்? வரலாறு வாத்தியார் நீங்கதான் சொல்லணும்" என்று கீழே எழுதியிருந்தார். அவருக்கு ஆதரவாகப் பலர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. இந்தக் கேள்விக்கே நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. 1896 ஜனவரியில் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னால்டு என்பவர் ஊருக்குள் மணிக்கு 8 மைல் வேகத்தில் கார் ஓட்டினார். ஊருக்குள் அப்போது அனுமதி 2 மைல்தான். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் விரட்டிப் போய்ப் பிடித்தார். அபராதம் ஒரு ஷில்லிங், செலவு தனி. நம்மில் வேகமாக நடப்பவர்கள்கூட அந்த 2 மைலைத் தாண்டிவிடுவோம்.

1903-ல் வந்த மோட்டார் கார் சட்டம் வேகத்தை 20 மைலாக உயர்த்தியது. கூடவே வண்டிக்கு நம்பர் பலகையையும் கட்டாயமாக்கியது. இன்றைய கேமராவுக்கு அந்தப் பலகைதான் ஆதாரம். ஆனால் அன்று கேமரா இல்லை, ஸ்டாப்வாட்ச் இருந்தது. சாலையில் ஒரு தூரத்தை அளந்து குறித்துவிட்டு, புதர் வேலிக்குப் பின்னால் போலீசார் உட்கார்ந்துகொள்வார்கள். வண்டி இந்த முனையைக் கடக்கும்போது ஒருவர் சைகை காட்டுவார், அந்த முனையில் இருப்பவர் நேரம் பார்ப்பார். நம் மாணவர் கேட்ட அதே கேள்வியை அன்றைய கார் முதலாளிகளும் கேட்டார்கள்: ஒளிந்து நின்று பிடிப்பது என்ன நியாயம்?

கேட்டதோடு நிற்கவில்லை. 1905-ல் ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். சங்கத்து ஆட்கள் சைக்கிளில் சாலையோரம் சுற்றி, முன்னால் போலீஸ் ஒளிந்திருந்தால் வரும் கார்களுக்குக் கைகாட்டி எச்சரிப்பார்கள். (எதிரே வருகிறவன் ஹெட்லைட்டை அடித்துக் காட்டுகிறானே, அதற்கு இவர்கள்தான் தாத்தா!) 1910-ல் விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வேகமாக வந்துகொண்டிருப்பவனை எச்சரித்து வேகம் குறைக்க வைப்பது, போலீசின் கடமைக்கு இடையூறு செய்யும் குற்றம் என்று தீர்ப்பாயிற்று.

சங்கத்தார் கெட்டிக்காரர்கள். உறுப்பினரின் காரைக் கண்டால் சல்யூட் அடிப்பது அவர்கள் ஆட்களின் வழக்கம். "சல்யூட் வைக்காவிட்டால் நிறுத்திக் காரணம் கேளுங்கள்" என்று உறுப்பினர்களுக்குச் சொல்லிவிட்டார்கள். சல்யூட் வைக்கவில்லை என்று ஒருவன்மேல் வழக்குப் போட முடியாதல்லவா!

வேடிக்கையான பகுதி இதோடு முடிந்தது. 1930-ல் அந்த 20 மைல் வரம்பையே கார்களுக்கு எடுத்துவிட்டார்கள். 1934-ல் மட்டும் பிரிட்டிஷ் சாலைகளில் இறந்தவர்கள் 7,343 பேர். மறு ஆண்டே குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் வரம்பு திரும்ப வந்தது.

இனி கேமராவுக்கு வருவோம். அதை உருவாக்கியவர் போலீஸ்காரர் அல்லர். மொரிட்ஸ் காட்ஸோனிடஸ் என்ற டச்சுக் கார் பந்தய வீரர். ஜாவாத் தீவில் 1911-ல் பிறந்தவர், 1953-ல் மான்டே கார்லோ ராலியில் வென்றவர். வளைவில் தன் வேகத்தை எப்படிக் கூட்டலாம் என்று பார்ப்பதற்காக, சாலையின் குறுக்கே இரண்டு ரப்பர் குழாய்களைப் போட்டு, ஒன்றில் சக்கரம் ஏறும்போது கடிகாரம் ஓடவும் அடுத்ததில் ஏறும்போது நிற்கவும் ஒரு கருவி செய்தார். 1958-ல் அதற்கென நிறுவனமும் தொடங்கினார். வேகமாகப் போவதற்காகச் செய்த கருவி, வேகத்தைப் பிடிக்கும் கருவியானது. பிறகு ராடாரும் கேமராவும் சேர்ந்தன.

இங்கிலாந்தில் 1991-ல் சட்டம் திருத்தி, 1992-ல் லண்டனின் மேற்கே ட்விக்கன்ஹாம் பாலத்தில் அவருடைய கேமராவை வைத்தார்கள். ராடார் வேகத்தை அளக்கும். கேமரா அரை விநாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். தரையில் ஏணிப்படி போல வெள்ளைக் கோடுகள். இரண்டு படத்திலும் வண்டி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து ராடாரின் கணக்கைச் சரிபார்க்கலாம். 30 மைல் வேகத்தில் அரை விநாடிக்குச் சுமார் 6.7 மீட்டர். ஐயம் இருப்பவர்கள் போட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

அந்தப் பெட்டிகள் சாம்பல் நிறம். மரத்தோடு கம்பத்தோடு கலந்துவிடும். புதருக்குப் பின்னால் இருந்த போலீஸ் மறுபடி வந்துவிட்டதாக மக்களுக்குத் தோன்றியது. அரசு வசூல் பண்ணுகிறது என்றார்கள். சிலர் பெட்டிக்குப் பழைய டயரை மாட்டித் தீயே வைத்தார்கள். 2000-லிருந்து சில பகுதிகளில் அபராதப் பணத்திலிருந்தே கேமராச் செலவை எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சந்தேகம் இன்னும் வலுத்தது. 2001 கடைசியில் அரசே இறங்கி வந்தது: கேமராக்களுக்கு மஞ்சள் வண்ணம் பூச வேண்டும், மறைத்து வைக்கக் கூடாது. 1910-ல் கைகாட்டி எச்சரித்தது குற்றம். தொண்ணூறு ஆண்டு கழித்து அதே எச்சரிக்கையை அரசாங்கமே பெயின்ட் அடித்துக் கொடுக்கிறது. ஆளைப் பிடிப்பதா, வேகத்தைக் குறைப்பதா என்று நூறாண்டாக நடந்த வழக்கில், இரண்டாவதுதான் நோக்கம் என்று ஒப்புக்கொண்டதாகவே நான் இதைப் படிக்கிறேன்.

அந்தத் திட்டத்தின் இன்னொரு விதிதான் என்னை உறுத்துகிறது. ஒரு நிலையான கேமரா வைக்க, அந்த இடத்தில் கிலோமீட்டருக்கு நான்கு உயிர்ச்சேத அல்லது படுகாய விபத்துகளாவது மூன்று ஆண்டுக்குள் நடந்திருக்க வேண்டும் என்று அப்போது இருந்தது. வசூலுக்காக வைக்கவில்லை என்று காட்ட வேறு வழியில்லைதான். ஆனால் இதைப் படித்தபோது நம் பள்ளி வாசல் நினைவு வந்தது. வேகத்தடை கேட்டு ஆறு வருடம் மனு எழுதினோம். "விபத்து ஏதும் பதிவாகவில்லை" என்றுதான் பதில் வரும். பிறகு ஒரு புதன்கிழமை, ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. பெயர் எழுதவில்லை, உங்களில் பலருக்குத் தெரியும். இருபது நாளில் வேகத்தடை வந்தது. தார் காய்வதற்குள் அதைத் தாண்டி நடந்து நான் வகுப்புக்குப் போனேன்.

பலன் உண்டா? 2005 டிசம்பரில் வந்த நான்கு ஆண்டு ஆய்வு, கேமரா இருந்த இடங்களில் இறப்பும் படுகாயமும் 42 சதவீதம் குறைந்ததாகச் சொன்னது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பரீட்சையில் படுமோசமாக எழுதியவன், வாத்தியார் எதுவும் செய்யாமலே அடுத்ததில் கொஞ்சம் மேலே வருவான். விபத்து மிக அதிகமாக நடந்த இடத்தில் மறு ஆண்டு குறைவதும் அப்படித்தான். அதையும் அந்த ஆய்வுக்காரர்களே கணக்கிட்டுக் கழித்தபோது, கேமராவின் பங்கு மிகவும் சிறுத்தது. இல்லாமல் போகவில்லை. அந்தச் சிறு பங்கிலும் ஏதோ சில வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்கள்.

சரி, நம் ஊர். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி மின்னணுக் கண்காணிப்புக்கு 136ஏ பிரிவைச் சேர்த்தார்கள். 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, கேமரா உள்ள பகுதிக்கு முன்பே கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், கருவிக்கு ஆண்டுதோறும் புதுப்பித்த சான்றிதழ் வேண்டும் என்கிறது. ஆகவே தம்பி, ஒளிந்து படம் எடுப்பது நம் சட்டப்படியும் சரியில்லை. நீ போன இடத்தில் பலகை இருந்ததா? இல்லையென்றால் மனு எழுது, நானும் கையெழுத்துப் போடுகிறேன். இருந்தால் பணத்தைக் கட்டிவிடு.

வரும் ஞாயிறு ஒரு கல்யாணத்துக்காக அந்தப் புறவழிச்சாலையில்தான் போகிறேன். பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். வண்டி ஓட்டப்போவது என் மகன். அவனுக்கும் இதைப் படித்துக் காட்டியாயிற்று.