மனச்சான்றும் மருந்துச் சீட்டும்

தம் சமயக் கொள்கைக்கு மாறான செயலைச் செய்யுமாறு எவரையும் சட்டம் வற்புறுத்தலாகாது என்பது உயர்ந்த நெறி. ஆயின், அந்நெறியின் சுமை யார் தோளில் இறங்குகிறது என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும். இதற்கு அயர்லாந்தின் வரலாறு தக்க சான்றாகும்.

கத்தோலிக்கர் பெரும்பான்மையினராக வாழும் அந்நாட்டில், 1935-ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடைச் சாதனங்களின் விற்பனையையும் இறக்குமதியையும் தடுத்தது. 1971 மே 22 அன்று பெண்கள் சிலர், பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பெல்பாஸ்ட் நகருக்கு இரயிலேறிச் சென்று, அவற்றை வாங்கி, டப்ளின் நிலையத்தில் சுங்க அதிகாரிகளின் கண்முன்னே கொண்டுவந்து தடையை மீறினர்.

மேரி மெக்கீ ஒரு மீனவரின் மனைவி. நான்கு குழந்தைகளின் தாய். மீண்டும் கருவுற்றால் உயிருக்கே ஆபத்து என மருத்துவர் எச்சரித்திருந்தார். இங்கிலாந்திலிருந்து அவர் தருவித்த கருத்தடைக் களிம்பைச் சுங்கத்துறை பறித்துக்கொண்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 1973 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மணவாழ்வின் அந்தரங்க உரிமையைச் சுட்டி, இறக்குமதித் தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

அதன் விளைவாக 1979-இல் புதிய சட்டம் பிறந்தது. கதவு திறந்தது, ஆனால் முழுவதும் திறக்கவில்லை. ஆணுறைக்கும்கூட மருத்துவரின் சீட்டு தேவைப்பட்டது; மருந்துக் கடையில்தான் வாங்க இயலும். அத்துடன், சீட்டு எழுதவோ, பொருளை விற்கவோ எவரையும் இச்சட்டம் கட்டாயப்படுத்தாது என்றும் விதிக்கப்பட்டது. ஒரே மருத்துவரும் ஒரே மருந்துக் கடையும் உள்ள சிற்றூரில் இருவரும் மறுத்தால் என் செய்வது? பொருள் உடையோர் வெளியூர் செல்வர். ஏழைப் பெண்ணுக்கோ உரிமை ஏட்டளவில் நின்றுவிடும்.

1985-இல் பதினெட்டு வயது நிரம்பியோர் சீட்டின்றி ஆணுறை வாங்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2022-இல் 17 முதல் 25 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருத்தடை உதவியை அரசே கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. பின்னர் இவ்வயது வரம்பு மேலும் உயர்த்தப்பட்டது.

இளைஞர்களே! மறுப்பவரின் மனச்சான்றை மதிப்போம். அதற்குரிய விலையை வறியவர் செலுத்துமாறு விடலாகாது. ஒருவர் விலகினால் மற்றொருவர் வழியாக உதவி கிடைக்கச் செய்வது அரசின் கடமை. எந்தச் சட்டத்தைப் படித்தாலும், அது வழங்கும் உரிமையை மட்டுமன்றி, கடைக்கோடியில் உள்ளவர் அதனைப் பெறும் வழியையும் சேர்த்துப் படியுங்கள்.