எட்டுப் பேர் கூடிய சபை



பழைய ஆலயங்களின் முகப்பில் ஓர் ஆண்டு பொறிக்கப்பட்டிருந்தால் அதனை நாம் மறு கேள்வியின்றி ஏற்றுக்கொள்கிறோம். கல்லில் எழுதியது பொய்யாகுமா என்னும் நம்பிக்கையே காரணம். ஆயினும் கல்லும் சில வேளைகளில் தவறிவிடுகிறது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சவானா ஆற்றங்கரையில், சில்வர் பிளஃப் என்னும் நாட்டுப்புறப் பகுதியில் ஒரு சிறிய பாப்திஸ்து ஆலயம் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் தொன்மையான சபைகளுள் ஒன்று அது. அதன் மூலைக்கல்லில் தொடக்க ஆண்டாகப் பொறிக்கப்பட்டது 1750. அச்சபையின் முதல் மூப்பராக விளங்கிய டேவிட் ஜார்ஜ் பிறந்ததோ ஏறத்தாழ 1743ஆம் ஆண்டில், தொலைவிலுள்ள வெர்ஜினியாவில்! ஏழு வயதுச் சிறுவன் சபை மூப்பராக இருந்திருக்க இயலுமா?

சபையின் கதை அந்த மனிதரின் கதையோடு பிணைந்தது என்பதால் அவரிடமிருந்தே தொடங்குவோம். அடிமைப் பெற்றோருக்குப் பிறந்த அவர், சாட்டையடி தாங்காமல் இளமையிலேயே தப்பி ஓடினார். தெற்கே சென்று கிரீக், நாட்செஸ் பழங்குடியினரிடையே சில காலம் வாழ்ந்தார். இறுதியில் ஜார்ஜ் கால்ஃபின் என்னும் வணிகரின் உடைமையாகச் சில்வர் பிளஃப் வந்து சேர்ந்தார். அயர்லாந்திலிருந்து குடியேறிய கால்ஃபின், பழங்குடியினரிடம் மான்தோல் வாங்கி விற்றுப் பெருஞ்செல்வர் ஆனவர். அக்காலப் பண்ணை முதலாளிகளோடு ஒப்பிட அவர் மென்மையானவர் என்றே டேவிட் ஜார்ஜ் பின்னாளில் கூறினார். மென்மையான முதலாளியாயினும் முதலாளி முதலாளிதான் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

சார்ல்ஸ்டன் நகரிலிருந்து வந்த சைரஸ் என்னும் கறுப்பினத்தவர் ஒருவர் சொன்ன கடுஞ்சொல்லே டேவிட் ஜார்ஜின் மனத்தை முதலில் கலக்கியது. இப்படியே வாழ்ந்தால் கடவுளின் முகத்தை ஒருநாளும் காணமாட்டாய் என்று அவர் எச்சரித்தாராம். அதன்பின் ஜார்ஜ் லீல் வந்தார். இவரும் அடிமை, டேவிட் ஜார்ஜுக்கு வெர்ஜினியாவிலிருந்தே அறிமுகமானவர். சோளக் கொல்லையில் நின்று அவர் போதித்தார். பின்னர் பாமர் என்னும் வெள்ளையினப் போதகர் கால்ஃபினின் இசைவோடு அவருடைய ஆலையில் வந்து போதித்தார். கனெக்டிகட்டைச் சேர்ந்த வெயிட் பாமர்தான் இவர் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆலையை ஒட்டி ஓடிய நீரோடையில் முழுக்கு ஞானஸ்நானம் நடந்தது. டேவிட் ஜார்ஜ், அவருடைய மனைவி பிலிஸ், ஜெஸ்ஸி உள்ளிட்ட எட்டுப் பேர் கொண்ட சபை உருவாயிற்று.

எட்டுப் பேர் ஒரு சபையா என்று வாசகர் கேட்கலாம். ஆம் என்பதே விடை. பாப்திஸ்து மரபில் பேராயரின் ஆணை தேவையில்லை, கட்டடமும் தேவையில்லை. விவரமறிந்து விசுவாசத்தை அறிக்கையிட்டு நீரில் மூழ்கி எழுந்தோர் சிலர் உடன்பட்டுக் கூடினால் அதுவே சபை. அடிமைகளிடையே இம்மரபு வேரூன்றியதற்கு இஃதொரு முக்கிய காரணம் என்று நான் கருதுகிறேன். நிலமும் பொருளும் இல்லாதவரும் சபை அமைக்க முடிந்ததல்லவா?

இனி, ஓர் ஆசிரியனாகிய என்னை மிகவும் ஈர்த்த பகுதிக்கு வருகிறேன். கால்ஃபின் தம் பண்ணையில் வெள்ளைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தியிருந்தார். டேவிட் ஜார்ஜ் எழுத்துக்கூட்டல் நூல் ஒன்றைத் தேடிப் பெற்று, அந்தச் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் சென்று எழுத்துகளைக் கேட்டுக் கற்றார். அவர்கள் ஒரு பாடம் சொல்வார்கள். இவர் தனியே பயின்றுவிட்டுத் திரும்பி வந்து, சரிதானா என்று ஒப்பித்துக் காட்டுவார். திருமணமான ஆடவர் ஒருவர் சிறுவர் முன்நின்று பாடம் ஒப்பிக்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். இரவில் உறக்கத்திலும் படிப்பு ஓடிக்கொண்டிருந்ததாக அவர் கூறியிருக்கிறார். தேர்வுக் காலத்தில் நம் மாணவர் சிலரும் இப்படிச் சொல்வதுண்டு. ஆனால் அவர்களுக்குத் தடையேதும் இல்லை. தென் கரோலினாவிலோ, 1739ஆம் ஆண்டு ஸ்டோனோ கிளர்ச்சிக்குப்பின் இயற்றப்பட்ட 1740ஆம் ஆண்டுச் சட்டம், அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்போருக்கு 100 பவுன் தண்டம் விதித்தது. வாசிப்பதை அச்சட்டம் தடுக்கவில்லை. அந்தக் கதவும் 1834இல் அடைக்கப்பட்டது. டேவிட் ஜார்ஜ் அவ்விடைவெளியில் புகுந்தவர்.

அந்த வாசிப்பு விரைவிலேயே சபைக்குத் தேவைப்பட்டது. 1775இல் விடுதலைப் போர் மூண்டது. அவ்வாண்டு நவம்பரில் வெர்ஜினியாவின் ஆங்கிலேய ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளரின் அடிமைகள் அரசர் படையில் சேர்ந்தால் விடுதலை என அறிவித்தார். வெளியிலிருந்து வரும் போதகர் வாயிலாகப் பண்ணை மக்களுக்கு அளவுக்கு மீறிய அறிவு கிடைத்துவிடும் என்று அஞ்சி, போதகர்களின் வருகை நிறுத்தப்பட்டது. டேவிட் ஜார்ஜே மூப்பராகிச் சபையை நடத்தினார். எட்டாக இருந்த எண்ணிக்கை முப்பதுக்கும் மேலாயிற்று.

இந்தச் செய்திதான் மூலைக்கல்லையும் திருத்துகிறது. ஜார்ஜ் லீல் மனந்திரும்பியது 1773 அளவில். வெளிப் போதகர் வருகை நின்றது போர் தொடங்கியபின். எனவே சபை அமைந்தது 1773க்கும் 1775க்கும் இடையில் என்பதே பொருத்தம். வாஷிங்டனில் போதகராயிருந்த வால்டர் புரூக்ஸ் 1910இல் இச்சபையின் வரலாற்றை நூலாக எழுதியபோது வலியுறுத்திய காலமும் இதுவே. அவரும் அடிமையாகப் பிறந்தவர். வெர்ஜினியாவின் பீட்டர்ஸ்பர்க் சபை, ஜார்ஜியாவின் சவானா சபை ஆகியவற்றுக்கும் முதன்மை உரிமை கோருவோர் உண்டு. யார் முதல்வர் என்னும் வழக்கில் எனக்கு ஆர்வம் குறைவு.

1778 இறுதியில் ஆங்கிலேயர் சவானா நகரைக் கைப்பற்றினர். கிளர்ச்சியாளர் பக்கம் நின்ற கால்ஃபின் பண்ணையை விட்டகன்றார். டேவிட் ஜார்ஜ் குடும்பமும் ஐம்பதுக்கு மேற்பட்ட பண்ணை மக்களும் ஆங்கிலேயர் பக்கம் சென்றனர். அம்மை நோயில் டேவிட் ஜார்ஜ் வீழ்ந்து கிடந்த காலமும் உண்டு. அவித்து வைத்த சோளத்தில் அவர் உண்டது போக எஞ்சியதை நாய் தின்றுவிட, வழிப்போக்கர் தந்த சிறிது அரிசி உயிர்காத்ததாம். ஆங்கிலேயத் தளபதி கிளிண்டனின் துணிகளைத் துவைத்து வந்த சொற்பக் கூலியில் பிலிஸ் அம்மையார் குடும்பத்தைத் தாங்கினார்.

அப்படியே சபை அழிந்திருக்க வேண்டும். ஆனால் ஜெஸ்ஸி பழைய முதலாளியிடமே திரும்பினார். சிதறியோரைத் திரட்டிச் சபையை மீண்டும் நடத்தினார். ஏறத்தாழ 12 மைல் தொலைவிலுள்ள அகஸ்டா நகரின் ஸ்பிரிங்ஃபீல்டு சபை அவருடைய பணியில் தழைத்ததே. அதன் தொடக்கத்தை 1787 என்பாரும் 1793 என்பாரும் உளர். ஜார்ஜ் லீல் ஜமைக்காவுக்குச் சென்று கிங்ஸ்டனில் சபை நிறுவினார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற ஆண்ட்ரூ பிரையன், சவானாவில் சவுக்கடி பட்டும் ஊழியத்தைக் கைவிடவில்லை.

டேவிட் ஜார்ஜ் 1782இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குக் கப்பலேறினார். அங்கே ஷெல்பர்னில் 1784ஆம் ஆண்டு, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வெள்ளையர் கறுப்பினத்தவரின் வீடுகளை இடித்து, அவரையும் கோலால் அடித்துச் சதுப்பு நிலத்தில் துரத்தினர். 1792 ஜனவரியில் ஏறத்தாழ 1,200 பேர் 15 கப்பல்களில் ஹாலிஃபாக்ஸிலிருந்து ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். பின்னர் இலண்டன் சென்றிருந்தபோது, ஜான் ரிப்பன், சாமுவேல் பியர்ஸ் என்னும் இரு பாப்திஸ்துப் போதகர்களிடம் தம் வாழ்க்கையைக் கூறினார். ரிப்பன் அதனைத் தம் ஆண்டுப் பதிவேட்டில் வெளியிட்டார். சோளக் கொல்லை, ஆலை, ஓடை, எழுத்துக்கூட்டல் நூல் ஆகியவை பற்றி நாம் இன்று அறிவதெல்லாம் பெரும்பாலும் அந்த உரையாடலின் வழியேதான்.

1810இல் அவர் ஃபிரீடவுனில் காலமானார். அங்கு வந்திறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை, கப்பற்பாயைக் கட்டி அதன் நிழலில் போதித்தார். பல வாரம் அவ்வாறே நடந்தது. பிறகு, கம்பங்கள் நட்டு, மேலே கழிகள் பரப்பிப் புல் வேய்ந்து, ஒரு கூடம் எழுப்பிக்கொண்டார்கள்.