ஃபிளெட்சர் வகுப்பு நாசகாரிக் கப்பல்கள்

ஃபிளெட்சர் வகுப்பு நாசகாரிகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகக் கட்டப்பட்டவை. 1942 ஜூன் முதல் 1945 தொடக்கம் வரை 175 கப்பல்கள் பணியில் சேர்ந்தன. அமெரிக்கா ஒரே வகுப்பில் இத்தனை நாசகாரிகளை வேறு எப்போதும் கட்டியதில்லை. 1914இல் வெராகுரூஸ் நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் ஃபிராங்க் ஃபிரைடே ஃபிளெட்சரின் பெயரை முதன்மைக் கப்பல் பெற்றது. அதுவே வகுப்பின் பெயரும் ஆயிற்று. பசிபிக் போரின் கடும் சண்டைகள் பலவற்றில் பங்கேற்ற இக்கப்பல்கள், போருக்குப் பின் 14 நாடுகளின் கடற்படைகளுக்குப் போயின. கடைசிக் கப்பல் ஓய்வு பெற்றது 2001இல். போர் அவசரத்தில் கட்டிய கப்பல்கள் இவ்வளவு காலம் உழைத்ததற்கு, அவற்றின் உடலில் வடிவமைப்பாளர்கள் விட்டுவைத்த கூடுதல் இடமே முதற்காரணம்.

தோற்றப் பின்னணி

1930ஆம் ஆண்டின் லண்டன் கடற்படை உடன்படிக்கை நாசகாரிகளின் எடையைப் பொதுவாக 1,500 டன்னுக்குள் கட்டுப்படுத்தியது. ஒரு பகுதிக் கப்பல்களுக்கு மட்டும் 1,850 டன் வரை இடம் கொடுத்தது. அந்த வரம்புக்குள்ளேயே பீரங்கி, டார்பிடோ, விமான எதிர்ப்புத் துப்பாக்கி எல்லாவற்றையும் அடக்க 1930களின் அமெரிக்கப் பொறியாளர்கள் பெரும்பாடு பட்டனர். மேல்பாகம் கனத்துப்போய், கப்பல்களின் நிலைத்தன்மை கெட்டது. புதிய ஆயுதம் ஒன்றை ஏற்ற வேண்டுமானால் பழையது ஒன்றை இறக்க வேண்டியிருந்தது.

1939இல் ஐரோப்பாவில் போர் மூண்டதும் உடன்படிக்கை வரம்புகள் பொருளிழந்தன. அதே ஆண்டு புதிய வகுப்புக்கான திட்டப் பணி தொடங்கியது. ஐந்து பீரங்கிகள், பத்து டார்பிடோ குழாய்கள், மணிக்கு 36 கடல் மைலுக்கு மேல் வேகம், பசிபிக் பெருங்கடலின் தூரங்களுக்கு ஏற்ற எரிபொருள் கொள்ளளவு ஆகியவை கடற்படையின் தேவைகள். இவற்றை நெருக்கடி இல்லாமல் அடக்கும் அளவுக்குக் கப்பலைப் பெரிதாக்குவது என்று முடிவாயிற்று. பின்னாளில் வரப்போகும் கருவிகளுக்கும் அந்த முடிவே இடம் கொடுத்தது.

அமைப்பு

கப்பலின் நீளம் 114.8 மீட்டர், அகலம் 12 மீட்டர், அடிப்படை எடை 2,050 டன். எரிபொருளும் தளவாடமும் நிரப்பினால் 2,500 டன்னைத் தாண்டும். முந்தைய வகுப்புகளில் முன்பாகம் ஒரு படி உயர்ந்திருக்கும். ஃபிளெட்சரில் முன்முனையிலிருந்து பின்முனை வரை மேல்தளம் தடையின்றி ஓடியது. எடையைக் கூட்டாமலே உடலுக்கு வலிமை தந்த ஏற்பாடு இது.

நான்கு கொதிகலன்களும் இரண்டு டர்பைன் தொகுதிகளும் 60,000 குதிரைத் திறன் தந்தன. கொதிகலன் அறை, இயந்திர அறை, மீண்டும் கொதிகலன் அறை, இயந்திர அறை என்று மாறி மாறி அமைத்திருந்தார்கள். ஒரு டார்பிடோ ஒரு பக்கத்தைத் தாக்கினாலும் மறு தொகுதி கப்பலை ஓட்டிச் செல்லும். சேதப்பட்ட பல கப்பல்கள் சொந்த இயந்திர பலத்திலேயே துறைமுகம் திரும்ப முடிந்தது இதனால்தான்.

முதன்மை ஆயுதம் 5 அங்குலப் பீரங்கி ஐந்து. ஒவ்வொன்றும் தனிக் கூண்டில். 25 கிலோ எடையுள்ள குண்டும், அதைச் செலுத்தும் வெடிமருந்து உறையும் கூண்டுக்கு அடியிலுள்ள அறையிலிருந்து தனித்தனியே மேலே வரும். வீரர்கள் இரண்டையும் ஒரு தட்டில் வரிசையாக வைத்தால், விசையால் இயங்கும் தண்டு அவற்றைக் குழலுக்குள் தள்ளிவிடும். குழல் வானத்தை நோக்கி நிமிர்ந்திருந்தாலும் குண்டை நிரப்பலாம் என்பதால், ஒரே பீரங்கி கப்பலையும் சுட்டது, விமானத்தையும் சுட்டது. தேர்ந்த குழு ஒன்று நிமிடத்துக்கு 15 குண்டுகளுக்கு மேல் சுடும். பாலத்துக்கு மேலிருந்த குறிபார்ப்புக் கோபுரமும் ராடாரும் இலக்கின் தூரத்தையும் திசையையும் சொல்ல, உள்ளறையிலிருந்த இயந்திரக் கணிப்பான் ஐந்து பீரங்கிகளுக்கும் கோணத்தைக் கணித்து அனுப்பியது. விமானத்தை நெருங்கியதும் தானே வெடிக்கும் குண்டுகள் 1943 முதல் சேர்ந்ததும் இப்பீரங்கியின் வலிமை பன்மடங்கு கூடியது.

இவை தவிர ஐந்தைந்தாக இரு தொகுதி டார்பிடோ குழாய்கள், நீர்மூழ்கிகளுக்கு எதிரான ஆழ்நீர்க் குண்டுகள், 40 மி.மீ., 20 மி.மீ. துப்பாக்கிகள் இருந்தன. தொடக்கத்தில் ஒருசிலவாக இருந்த 40 மி.மீ. குழல்கள் போர் முற்ற முற்றப் பத்தாக உயர்ந்தன. 1945இல் சில கப்பல்களில் ஒரு டார்பிடோ தொகுதியைக் கழற்றிவிட்டு அவற்றைப் பதினான்காக்கினார்கள். இதற்கு விலையும் இருந்தது. 273 பேருக்கெனத் திட்டமிட்ட கப்பலில் 320 பேருக்கு மேல் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. மேல்பாரம் கூடக்கூடப் புயல் கடலில் ஆட்டமும் கூடியது.

கட்டுமானம்

பாத், கியர்னி, ஸ்டேட்டன் தீவு, பாஸ்டன், சார்ல்ஸ்டன், அலபாமா, டெக்சஸ், சான் பெட்ரோ, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், பியூஜெட் சவுண்ட் என நாட்டின் மூன்று கடற்கரைகளிலும் பரந்திருந்த 11 தளங்களில் கட்டுமானம் நடந்தது. மெயின் மாநிலத்தின் பாத் நகரில் கட்டிய ‘நிக்கலஸ்’ 1942 ஜூன் 4இல் முதலாவதாகப் பணியில் சேர்ந்தது. முதன்மைக் கப்பலான ‘ஃபிளெட்சர்’ அதே மாதம் 30ஆம் நாள் சேர்ந்தது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே களத்திலிருந்து வந்த பாடங்களும் வரைபடத்தில் ஏறின. முதல் கப்பல்களின் வட்ட முகப்புப் பாலம், பின்னர் சதுர முகப்பும் சுற்றி நடக்க வழியும் கொண்ட தாழ்ந்த பாலமாக மாறியது. விமானத் தாக்குதலின்போது தளபதி நாற்புறமும் பார்க்க இது உதவியது.

போர்ப் பணி

1942 நவம்பர் 13 அதிகாலை இருளில் குவாடல்கனால் கடற்போரில் ‘ஃபிளெட்சர்’, ‘ஓ’பேனன்’ இரண்டும் சண்டையிட்டன. ஜப்பானின் ‘ஹியெய்’ பெரும் போர்க்கப்பலை ‘ஓ’பேனன்’ நெருங்கிய நெருக்கத்தில், எதிரியால் தன் பீரங்கிகளை அவ்வளவு தாழ்த்திக் குறிபார்க்க முடியவில்லை.

1943 நவம்பர் 25இல் புனித ஜார்ஜ் முனைக்கு அருகே, கேப்டன் ஆர்லி பர்க் தலைமையில் ‘சார்லஸ் ஆஸ்பர்ன்’, ‘கிளாக்ஸ்டன்’, ‘டைசன்’, ‘கான்வர்ஸ்’, ‘ஸ்பென்ஸ்’ ஆகிய ஐந்து ஃபிளெட்சர்கள் ஐந்து ஜப்பானிய நாசகாரிகளை எதிர்கொண்டன. ராடாரில் எதிரியை முதலில் கண்டு, பீரங்கி வெளிச்சம் காட்டாமல் இருளில் டார்பிடோக்களைச் செலுத்திய பிறகே சுடத் தொடங்கினார்கள். ‘ஓனாமி’, ‘மகினாமி’, ‘யூகிரி’ மூன்றும் மூழ்கின. அமெரிக்கத் தரப்பில் ஒரு கப்பலும் சேதமடையவில்லை. இரவுச் சண்டையில் ஜப்பானுக்கு இருந்த மேலாண்மை அதற்குள் கைமாறிவிட்டதை இந்த வெற்றி காட்டியது.

இந்த வகுப்பின் வரலாற்றில் மிகுந்த மரியாதையோடு நினைக்கப்படுவது 1944 அக்டோபர் 25இல் சமார் தீவுக்கு அப்பால் நடந்த சண்டை. சிறிய விமானந்தாங்கிகள் ஆறும் அவற்றுக்குக் காவலாக ‘ஜான்ஸ்டன்’, ‘ஹோயெல்’, ‘ஹீர்மன்’ என்ற மூன்று ஃபிளெட்சர்களும் நான்கு சிறு காவற்கப்பல்களும் அங்கே இருந்தன. எதிரே வந்தது ‘யமாட்டோ’ உள்ளிட்ட நான்கு பெரும் போர்க்கப்பல்களும் எட்டு குரூசர்களும் பதினொரு நாசகாரிகளும் கொண்ட அணி. ‘ஜான்ஸ்டன்’ தளபதி எர்னஸ்ட் எவன்ஸ் ஆணை வருமுன்பே கப்பலைத் திருப்பி எதிரியை நோக்கிப் பாய்ந்தார். அவரது டார்பிடோ ஒன்று ‘குமானோ’ குரூசரின் முன்முனையைப் பிய்த்தெறிந்தது. ‘ஹோயெல்’, ‘ஜான்ஸ்டன்’ இரண்டும் இறுதிவரை சுட்டபடியே மூழ்கின. ‘ஜான்ஸ்டன்’ ஊழியர் 327 பேரில் 186 பேர் மாண்டனர்; அவர்களில் எவன்ஸும் ஒருவர். ஜப்பானிய அணி பின்வாங்கியது. பூர்வகுடி மரபில் வந்த எவன்ஸுக்கு அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

1945இல் ஒகினாவாவைச் சுற்றி, தற்கொலை விமானங்களை முன்கூட்டியே கண்டு எச்சரிக்கும் ராடார் காவல் பணி நாசகாரிகள் மேல் விழுந்தது. அணியிலிருந்து விலகித் தனியே நின்ற அக்கப்பல்களைத்தான் விமானிகள் முதலில் கண்டார்கள், முதலில் தாக்கினார்கள். ‘புஷ்’, ‘கொல்ஹூன்’, ‘பிரிங்கிள்’, ‘லிட்டில்’, ‘லூஸ்’, ‘மாரிசன்’ ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின.

ஜப்பானின் சரணடைவை ஏற்க அமெரிக்க அணி டோக்கியோ விரிகுடாவுக்குள் நுழைந்தபோது, தென் பசிபிக்கிலிருந்து போராடி வந்த ‘நிக்கலஸ்’, ‘ஓ’பேனன்’, ‘டெய்லர்’ மூன்றையும் உடன் நிறுத்தி அட்மிரல் ஹால்சி பெருமைப்படுத்தினார். 1945 செப்டம்பர் 2 அன்று நேச நாட்டுப் பிரதிநிதிகளை ‘மிசூரி’ கப்பலுக்குக் கொண்டு சென்றது ‘நிக்கலஸ்’.

இழப்புகள்

போரில் 19 ஃபிளெட்சர்கள் அழிந்தன. முதலாவது, 1943 பிப்ரவரி 1இல் சாவோ தீவுக்கு அருகே விமானத் தாக்குதலில் மூழ்கிய ‘டி ஹேவன்’. கடைசி, 1945 ஜூலை இறுதியில் ஒகினாவா காவலில் தற்கொலை விமானத்துக்குப் பலியான ‘காலகன்’. எதிரி கைபடாமல் போனது ‘ஸ்பென்ஸ்’. புனித ஜார்ஜ் முனையில் வென்ற அக்கப்பல் 1944 டிசம்பர் 18 புயலில், எரிபொருள் தீர்ந்து இலேசாகிப்போன நிலையில் கவிழ்ந்தது. முந்நூறுக்கும் மேற்பட்டோரில் முப்பது பேர்கூடப் பிழைக்கவில்லை. ‘ஆப்னர் ரீட்’ 1943 ஆகஸ்டில் கிஸ்கா தீவருகே கண்ணிவெடியில் பின்பாகத்தையே இழந்தும் கரை சேர்ந்தது. புதுப் பின்பாகம் பொருத்திக்கொண்டு களம் திரும்பியது. 1944 நவம்பர் 1இல் லெய்தே விரிகுடாவில் மூழ்கியது.

போருக்குப் பின்

போர் முடிந்ததும் பெரும்பாலானவற்றை இருப்பில் கட்டிவைத்தார்கள். சோவியத் நீர்மூழ்கிகள் கவலையாக எழுந்தபோது 18 கப்பல்கள் நீர்மூழ்கி எதிர்ப்புக் காவற்கப்பல்களாக மாறின. கொரியப் போர் வந்ததும் பல கப்பல்கள் மீண்டும் பணிக்கு வந்து, கரையிலிருந்த படைகளுக்குப் பீரங்கி ஆதரவு தந்தன. 1960களின் தொடக்கத்தில் ‘ராட்ஃபோர்ட்’, ‘ஜென்கின்ஸ்’, ‘நிக்கலஸ்’ மூன்றையும் விரிவாகப் புதுப்பித்து, ஆளில்லா ஹெலிகாப்டர் இறங்கும் தளம் பொருத்தினார்கள். 1940இல் யாரும் எண்ணிப்பார்த்திராத கருவி அது. வியட்நாம் போரிலும் இவ்வகுப்புப் பணியாற்றியது. ‘நிக்கலஸ்’, ‘ஓ’பேனன்’ இரண்டும் 1970 ஜனவரி 30இல் ஒரே நாளில் ஓய்வு பெற்றன.

பிற நாடுகளில்

அர்ஜென்டினா, பிரேசில், சிலி, கொலம்பியா, பெரு, மெக்சிகோ, ஸ்பெயின், இத்தாலி, கிரீஸ், துருக்கி, மேற்கு ஜெர்மனி, ஜப்பான், தென் கொரியா, தைவான் ஆகியவை ஃபிளெட்சர்களைப் பெற்றன. பகைமைகள் எவ்வளவு விரைவில் மாறின என்பதற்கு இந்தப் பட்டியலே சான்று. 1944 அக்டோபரில் சுரிகாவோ நீரிணையில் ஜப்பானிய அணியின் மேல் டார்பிடோ செலுத்திய ‘ஹேவுட் எல். எட்வர்ட்ஸ்’, ‘ரிச்சர்ட் பி. லியரி’ இரண்டும் 1959இல் ‘அரியாகே’, ‘யூகுரே’ என்ற பெயர்களில் ஜப்பான் கொடியேற்றின. பர்க்கின் அணியில் இருந்த ‘சார்லஸ் ஆஸ்பர்ன்’, ‘கிளாக்ஸ்டன்’, ‘டைசன்’ மூன்றும் மேற்கு ஜெர்மனிக்குப் போயின. ஜெர்மனி ஓய்வுகொடுத்த இரு கப்பல்களை 1980களின் தொடக்கத்தில் கிரீஸ் வாங்கிக்கொண்டது. அவை மூன்று கொடிகளின்கீழ் ஓடியவை. 1963இல் தென் கொரியா பெற்ற ‘எர்பன்’, ‘சுங்மு’ என்ற பெயரில் அந்நாட்டின் முதல் நாசகாரி ஆனது. அர்ஜென்டினாவின் ‘அல்மிரான்தே ஸ்டோர்னி’ 1976 பிப்ரவரியில் ஃபாக்லாந்து தீவுகளுக்கு அருகே ‘ஷாக்கிள்டன்’ என்ற பிரிட்டிஷ் ஆய்வுக் கப்பலை நோக்கிச் சுட்டது, பின்னர் வந்த போருக்கு முன்னறிகுறிபோல் அமைந்தது.

கிரீஸின் ‘வெலோஸ்’ (முன்பு ‘சாரெட்’) தனிப் புகழ் பெற்றது. 1973 மே 25இல் நேட்டோ பயிற்சியில் இருந்தபோது, கிரீஸில் இராணுவ ஆட்சிக்கு எதிரான கடற்படை அதிகாரிகள் கைதான செய்தி எட்டியது. தளபதி நிக்கோலாஸ் பாப்பாஸ் நாடு திரும்ப மறுத்து, கப்பலை இத்தாலியின் ஃபியுமிச்சீனோ அருகே நங்கூரமிட்டார். அவரோடு அதிகாரிகளும் கடற்படையினரும் அரசியல் அடைக்கலம் கோரினர். அடக்குமுறையின் முகம் உலகச் செய்தித்தாள்களுக்கு எட்டியது. அடுத்த ஆண்டு அந்த ஆட்சி வீழ்ந்தது.

வகுப்பின் கடைசிச் செயற்கப்பல் மெக்சிகோவின் ‘குயித்லாவாக்’ (முன்பு ‘ஜான் ராட்ஜர்ஸ்’). அது 2001இல் ஓய்வு பெற்றது.

எஞ்சியவை

நான்கு கப்பல்கள் அருங்காட்சியகங்களாக உள்ளன. லூசியானாவின் பேட்டன் ரூஜுக்கு உரிய ‘கிட்’ போர்க்கால வடிவிலேயே பேணப்படுகிறது; 1945 ஏப்ரல் 11இல் தற்கொலை விமானம் மோதி அதில் 38 பேர் இறந்தனர். பாஸ்டனில் ‘காசின் யங்’ நிற்கிறது. பஃபலோவில் உள்ள ‘தி சல்லிவன்ஸ்’, 1942 நவம்பரில் ‘ஜூனோ’ குரூசரோடு மாண்ட ஐந்து உடன்பிறந்தாரின் நினைவாகப் பெயரிடப்பட்டது. 2022 ஏப்ரலில் அதன் உடலில் நீர் புகுந்து கப்பல் துறையிலேயே பாதி மூழ்கியது. பிறகு நீரை இறைத்து மிதக்கவைத்தார்கள். ‘வெலோஸ்’ கிரீஸில் சர்வாதிகார எதிர்ப்பின் நினைவுச் சின்னமாக உள்ளது. ‘ஜான்ஸ்டன்’ சிதைவு 2021இல் பிலிப்பைன்ஸ் கடலில் 6,400 மீட்டருக்கும் கீழே படம் பிடிக்கப்பட்டது. முன்பாகத்தில் 557 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது.

மதிப்பீடு

ஃபிளெட்சர்களுக்குப் பின் வந்த சம்னர், கியரிங் வகுப்புகள் இதே உடலை அடிப்படையாகக் கொண்டு இரட்டைக் குழல் பீரங்கிகள் ஏற்றின. ஆர்லி பர்க் கடற்படைத் தலைமைத் தளபதியாக உயர்ந்தார். இன்றைய அமெரிக்க நாசகாரி வகுப்பு அவர் பெயரைத் தாங்குகிறது. வேகத்திலோ ஆயுத எண்ணிக்கையிலோ ஃபிளெட்சர்களை மிஞ்சிய கப்பல்கள் அக்காலத்திலேயே உண்டு. சேதத்தைத் தாங்கி ஓடவும், ஆண்டுக்கு ஆண்டு புதிய கருவியை ஏற்கவும், மொழியும் பழக்கமும் வேறான கடற்படையின் கையிலும் நம்பகமாக உழைக்கவும் முடிந்ததே இவற்றின் தனிச்சிறப்பு. ஒரு போர்க்கப்பலை இன்றைய தேவைக்கு மட்டும் அளந்து கட்டக் கூடாது என்ற பாடத்தை இந்த 175 கப்பல்களைவிடத் தெளிவாகச் சொன்ன வகுப்பு கடற்படை வரலாற்றில் அரிது.