பொன் வேய்தலும் பொன்முலாமும்

பொன் துருப்பிடிக்காது, காற்றாலும் நீராலும் கெடாது. இது யாவரும் அறிந்த உண்மை. அங்ஙனமாயின், பொன்முலாம் இட்ட வளையல் ஒன்று ஓராண்டிற்குள் ஒளி மங்கிக் கறுப்பது ஏன்? மேலே இருப்பது உண்மைப் பொன்னேயாயின், அது கெடுவதற்கு வழியில்லையே! இவ்வினாவிற்கு விடை வேதியியலில் மட்டுமன்றி வரலாற்றிலும் உள்ளது. பிறிதொரு பொருளின்மேல் பொன்னை ஏற்றும் கலை நாலாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. ஒவ்வொரு காலத்தாரும் அதனை ஒவ்வொரு முறையிற் செய்தனர். முறைக்கு ஏற்பவே அதன் ஆயுளும் அமைந்தது.

இக்கலையைக் குறிக்கத் தமிழில் வேய்தல், பூசுதல், முலாமிடுதல் என்னும் சொற்கள் வழங்குகின்றன. கூரைக்கு ஓலை வேய்வதுபோலத் தகட்டைப் பரப்பி மூடுவது வேய்தல். குழம்பாக்கித் தடவுவது பூசுதல். முலாம் என்பது அரபுச் சொல்லின் திரிபு. பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே நம் மொழிக்கு வந்தது. ‘ஒளிரச் செய்யப்பட்டது’ என்பது அதன் பொருள். இன்று இச்சொற்களை வேறுபாடின்றி வழங்குகிறோம். எனினும், செய்முறைகளை ஒவ்வொன்றாக நோக்கின் அவற்றிடையே பெரிய வேறுபாடு இருப்பது புலனாகும்.

வேய்தலுக்குச் சோழர் வரலாறே சான்று. கி.பி. 907 முதல் 955 வரை ஆண்ட முதற் பராந்தகன் தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்தவன் என்று போற்றப்படுகிறான். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு இன்னும் நுட்பமான கணக்கைத் தருகிறது. முதலாம் இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது கி.பி. 1010இல், விமானத்தின் உச்சிக்கு ஒரு செப்புக் குடம் அளித்தான். அதன் நிறை 3,083 பலம். அதன்மேற் போர்த்த பொற்றகட்டின் நிறை 2,926½ கழஞ்சு. செம்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று தனித்தனியே கல்லில் வெட்டியிருப்பது கருதத் தக்கது. நிறுத்துச் சொல்லும் அளவிற்குப் பொன் கனமாக இருந்தது. இத்தகைய தகட்டிற்குப் பகை தேய்வன்று, திருடும் கையே.

தகட்டை மேலும் மேலும் அடித்து மெல்லிதாக்கினால் பொன்னிலை கிடைக்கும். எகிப்தியர் மரத்தின்மேற் சுதை பூசி, அதன்மீது பொன்னிலையை ஒட்டினர். 1922இல் துட்டன்காமன் கல்லறை திறக்கப்பட்டபோது, மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பொன் ஒளி வீசிற்று. ஆனால் அடியிலிருந்த மரம் சுருங்கியிருந்தது, சுதை தளர்ந்திருந்தது. தொட்டால் பொன் உதிரும் நிலையிற் பல பொருள்கள் இருந்தன. ஓவர்ட் கார்ட்டரும் அவருடைய துணைவர்களும் மெழுகை உருக்கி ஊற்றி அவற்றை நிலைநிறுத்த வேண்டியதாயிற்று. மேலே உள்ள பொன் கெடுவதில்லை. கீழே உள்ளதே அதனைக் கைவிடுகிறது. இந்த உண்மை பின்வந்த முறைகளுக்கும் பொருந்தும்.

அடுத்தது பாதரச முறை. பொன்னைப் பாதரசத்திற் கரைத்துக் குழம்பாக்கி, தூய்மை செய்த செம்பிலோ வெள்ளியிலோ தடவிச் சூடேற்றினால், பாதரசம் ஆவியாகிப் போகும். பொன் அடி உலோகத்தோடு ஒன்றி நிற்கும். சீனரும் உரோமரும் இதனை அறிந்திருந்தனர். தகடுபோல் உரிக்கவும் இயலாது. இலைபோல் உதிரவும் செய்யாது.

இத்தாலியில் புளோரன்சு நகரத் திருமுழுக்குக் கோயிலுக்கு லொரன்சோ கிபெர்த்தி 1425 முதல் 1452 வரை செய்த வெண்கலக் கதவுகள் இம்முறையிற் பொன் பூசப்பெற்றவை. அவை ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் வெயிலிலும் மழையிலும் நின்றன. 1966ஆம் ஆண்டு வெள்ளத்தில் அவற்றின் சில பலகைகள் பெயர்ந்தும் வீழ்ந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, பொற்படலத்தின் அடியில் வெண்கலம் அரித்து உப்புகள் தோன்றியிருந்தமையும், ஈரம் ஏறி இறங்குந்தோறும் அவ்வுப்புகள் பொன்னை அடியிலிருந்து மேலே தள்ளியமையும் தெரியவந்தன. 1990இல் கோயில் வாயிலில் படிக்கதவுகள் பொருத்தப்பட்டன. மூலக் கதவுகள் நெடுங்காலப் பழுதுபார்ப்பிற்குப் பின் 2012 முதல் அருங்காட்சியகத்தில், ஈரம் புகாத கண்ணாடி அறையில் உள்ளன. பொன்னைக் காக்க வேண்டி அன்று. வெண்கலத்தைக் காத்தாற்றான் பொன் நிற்கும் என்பதனாலேயே அந்த ஏற்பாடு.

இம்முறையின் உறுதிக்கு மனிதர் உயிர் விலையாயிற்று. ஆவியான பாதரசம் எங்கே போயிற்று? தொழிலாளியின் மூச்சிற் கலந்தது. கை நடுக்கம், பல் உதிர்தல், மனத் தளர்ச்சி ஆகியவை பொன் பூசுவோரின் தொழில்நோய்கள் ஆயின. பாரிசு நகரில் வெண்கலப் பொருள் செய்து விற்ற இரவ்ரியோ என்பவர் 1814இல் இறந்தபோது, இத்தொழிலாளரை நஞ்சிலிருந்து காக்கும் வழி காண்பவருக்கு 3,000 பிராங்கு பரிசளிக்குமாறு உயில் எழுதி வைத்திருந்தார். ஆவியைப் புகைபோக்கி வழியே மேலே இழுக்கும் உலையை அமைத்த தார்சே 1818இல் அப்பரிசைப் பெற்றார். ஆயினும் அவ்வறிவு எங்கும் பரவிவிடவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின், உருசியாவின் பீட்டர்சுபர்க்கு நகரில் புனித ஐசக்குக் கோயிலின் குவிமாடத்திற்குப் பொன் பூசியபோது 60 தொழிலாளர் மாண்டனர் என்பர்.

இக்கொடுமைக்கு முடிவு தந்தது மின்சாரம். வோல்ட்டா 1800இல் மின்கலத்தை அமைத்தார். அவருடைய நண்பர் புருஞத்தெல்லி 1805இல் அதனைக் கொண்டு இரண்டு வெள்ளிப் பதக்கங்களுக்குப் பொன்முலாம் இட்டார். 1840இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகர எல்கிங்டன் உறவினர் இருவர் இதனைத் தொழிலாக்கி உரிமை பெற்றனர். சயனைடுக் கரைசலைப் பயன்படுத்தும் வழியை அவர்களுக்குத் தந்தவர் இரைட்டு என்னும் மருத்துவர். சயனைடும் கொடிய நஞ்சே. ஆனால், முறையாகக் கையாண்டால் அது தொட்டிக்குள் அடங்கி நிற்கும். பாதரசம்போல் வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆவியாகி மூச்சிற் கலப்பதன்று.

மின்முலாம் உயிரைக் காத்தது. அதே வேளையில் பொன்னையும் மெலிவித்தது. மின்சாரத்தின் அளவிற்கு ஏற்பவே உலோகம் படியும் என்பதை மைக்கேல் பாரடே 1830களில் நிறுவினார். எனவே, விரும்பிய அளவு பொன்னை மட்டும் படிய வைத்து நிறுத்துவது எளிதாயிற்று. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆறு சென்டிமீட்டர் விட்டமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் உள்ள வளையலுக்கு உள்ளும் புறமும் ஒரு மைக்ரான் கனத்தில் முலாமிட, ஏறத்தாழ 73 மில்லிகிராம் பொன் போதும். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனால் ஏறத்தாழ நூறு வளையல்களைப் பொன்னாக்கிக் காட்டலாம்! மலிந்த நகைகளில் அந்த ஒரு மைக்ரானும் இருப்பதில்லை. வெள்ளியின்மேல் இடப்படும் உயர்தர முலாமுக்கு அமெரிக்க வணிக நெறிகள் 2.5 மைக்ரான் வேண்டும் என்கின்றன.

இவ்வளவு மெல்லிய படலம் மூன்று வழிகளில் தோற்கிறது. முதலாவது தேய்வு: மோதிரமும் வளையலும் உராய்வதால் விரைவில் தேயும், காதணி நெடுநாள் நிற்கும். இரண்டாவது நுண்துளை: மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு, வியர்வையின் உப்பும் காற்றின் கந்தகமும் அவற்றின் வழியே இறங்கி அடி உலோகத்தைக் கறுக்கச் செய்யும். மூன்றாவது கலப்பு: செம்பு அணுக்கள் காலப்போக்கிற் பொன்னினூடே ஊர்ந்து மேலே வந்து கறுக்கும். இதனைத் தடுக்கச் செம்பிற்கும் பொன்னிற்கும் இடையே நிக்கல் படலம் இடுவதுண்டு. ஆனால் நிக்கல் சிலருக்குத் தோல் அரிப்பை உண்டாக்கும். ஆதலால் ஐரோப்பிய நாடுகள் 1994இல் அதற்கு வரம்பு விதித்தன.

பேணும் முறையும் இவற்றிலிருந்தே விளங்கும். குத்துவிளக்கைப் புளியிட்டுத் தேய்ப்பது நம் இல்லங்களின் பழக்கம். பித்தளை முழுதும் பித்தளையாதலின் தேயத்தேயப் பொலியும். அதே அன்போடு முலாம் நகையைத் தேய்த்தால், கறுப்போடு பொன்னும் போய்விடும். கழற்றியவுடன் மென்துணியால் வியர்வையைத் துடைத்தல், அழுக்கேறின் இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து அலசி ஈரம் போக உலர்த்தல், நறுமணத் தைலங்களைப் பூசி அவை காய்ந்த பின்னரே அணிதல், குளோரின் கலந்த நீச்சற்குளத்திற்குமுன் கழற்றி வைத்தல், தனித்தனியே துணியிற் சுற்றி வைத்தல் ஆகியவை போதும். ஆண்டு முழுதும் வெப்பமும் ஈரமும் மிக்க மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் இவை இன்னும் இன்றியமையாதவை.

பராந்தகன் பொன் வேய்ந்த அதே சிதம்பரம் இன்று கவரிங் நகைக்கும் பெயர்பெற்ற ஊர். மன்னன் கூரைக்கு அளித்த ஒளியை ஏழைப் பெண்ணும் கழுத்தில் அணியும் காலம் வந்தது. அதனை இழிவாகக் கருதுவதற்கில்லை. மன்னன் பொன்னை மிகுதியாக இட்டு ஆயுளை வாங்கினான். பாதரசக் காலத்தவர் தொழிலாளியின் உயிரைக் கொடுத்து வாங்கினர். இன்று பொன் குறைவு. உயிர் கேட்பதும் இல்லை. எஞ்சிய பங்கு அணிவோரின் கையில் இருக்கிறது.