லித்தியம் இரும்பு பாசுபேட்டு மின்கலத்தின் வரலாறு

லித்தியம் இரும்பு பாசுபேட்டு என்பது மீள மின்னேற்றம் செய்யத்தக்க லித்தியம் அயனி மின்கலங்களில் நேர்மின்வாய்ப் பொருளாகப் பயன்படும் ஒரு சேர்மம் ஆகும். இயற்கையில் இது திரிபிலைட்டு என்னும் கனிமமாகக் கிடைக்கிறது. இன்று மின்சாரக் கார்கள், பேருந்துகள், சூரிய மின்னாற்றலைச் சேமிக்கும் நிலையங்கள் ஆகியவற்றில் பரவலாகப் பயன்படும் இப்பொருள், தொடக்கத்தில் மெதுவான, குறைந்த மின்னோட்டத்துக்கே ஏற்ற பொருளாகக் கருதப்பட்டது. துகள்களை நானோமீட்டர் அளவுக்குச் சிறிதாக்கி அவற்றின் மீது கரிப்பூச்சு இட்ட பிறகே அதன் முழுத் திறன் வெளிப்பட்டது.

பின்னணி

1980 ஆம் ஆண்டு ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் குழுவினர் லித்தியம் கோபால்ட்டு ஆக்சைடை நேர்மின்வாய்ப் பொருளாக அறிமுகப்படுத்தினர். 1991 இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது இப்பொருளையே பயன்படுத்தியது. ஆனால் கோபால்ட்டு விலை மிகுந்தது; உலக உற்பத்தியின் பெரும்பகுதி காங்கோ மக்களாட்சிக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. மேலும், அளவுக்கு மீறிச் சூடாகும்போது கோபால்ட்டு ஆக்சைடு ஆக்சிசனை வெளியிடுவதால் தீப்பற்றும் வாய்ப்பும் உண்டு. கைப்பேசிக்குப் போதுமான இப்பொருள், நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள வாகன மின்கலத்துக்குப் பொருத்தமாக இல்லை.

இரும்பு மலிவானது. ஆனால் இரும்பு ஆக்சைடுகளிலிருந்து போதிய மின்னழுத்தம் கிடைக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் குடினஃபும், தமிழ்நாட்டில் பிறந்து சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அருமுகம் மந்திரமும் இதற்கு ஒரு வழி கண்டனர். இரும்புடன் ஆக்சிசனை மட்டும் சேர்ப்பதற்குப் பதிலாக சல்பேட்டு போன்ற பல்லணு எதிரயனிகளைச் சேர்த்தால் மின்னழுத்தம் உயரும் என்று அவர்கள் காட்டினர். இரும்பு சல்பேட்டில் லித்தியத்துக்கு எதிராக 3.6 வோல்ட்டு கிடைத்தது.

1997 ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு

டெக்சாசு பல்கலைக்கழகத்தில் ஏ. கே. பாதி, கே. எஸ். நஞ்சுண்டசாமி, குடினஃப் ஆகியோர் 1997 இல் லித்தியம் இரும்பு பாசுபேட்டு பற்றிய ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மின்னேற்றத்தின்போது லித்தியம் வெளியேறி இரும்பு பாசுபேட்டு எஞ்சுகிறது. மின்னிறக்கத்தின்போது லித்தியம் திரும்பி வருகிறது. பாசுபரசும் ஆக்சிசனும் வலுவாகப் பிணைந்திருப்பதால், சூடானாலும் ஆக்சிசன் எளிதில் வெளியேறுவதில்லை.

ஆனால் கோட்பாட்டளவில் கிராமுக்கு 170 மில்லிஆம்பியர் மணி தர வேண்டிய இப்பொருள், சோதனையில் 100 முதல் 110 வரையே தந்தது. அதுவும் மிகக் குறைந்த மின்னோட்டத்தில்தான். இதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இதன் மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 10⁻⁹ சீமென்சு என்ற அளவிலேயே இருந்தது. இரண்டாவது, இதன் படிக அமைப்பில் லித்தியம் அயனிகள் ஒரே திசையில் செல்லும் குறுகிய கால்வாய்கள் வழியாகவே நகர்கின்றன. பெரிய துகளில் நீண்ட கால்வாயின் நடுவே ஓர் இரும்பு அணு இடம் மாறி அமர்ந்தால் வழி அடைபட்டுவிடும்.

நானோ துகளும் கரிப்பூச்சும்

1999 இல் மிசெல் அர்மாண்டும் கனடாவின் மொண்ட்ரியால் ஆய்வாளர்களும் துகள்களின் மீது மெல்லிய கரிப்பூச்சு இடும் முறையை அறிவித்தனர். கரிப்பூச்சு எலக்ட்ரான்களுக்கு வழி அமைத்ததுடன், தயாரிப்பின்போது துகள்கள் ஒட்டி வளர்வதையும் தடுத்தது. 2001 இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் லிண்டா நசார் குழுவினர் கரியுடன் கலந்த நுண்துகள்களில் கோட்பாட்டு அளவின் ஏறத்தாழ 90 விழுக்காட்டை எட்டினர்.

துகளின் அளவு இவ்வளவு முக்கியமாவது ஏன்? ஓர் அயனி துகளுக்குள் பரவ எடுக்கும் நேரம், அது கடக்கும் தொலைவின் இருமடியைப் பொறுத்தது. ஒரு மைக்ரோமீட்டர் துகளை 100 நானோமீட்டராகக் குறைத்தால் தொலைவு பத்தில் ஒன்றாகும்; நேரமோ நூறில் ஒன்றாகும். கால்வாய்கள் குறுகிய நீளம் உடையனவாவதால் அடைப்புகளின் பாதிப்பும் குறைகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. நானோ துகள்களை நெருக்கமாக அடுக்க இயலாததால், ஒரே கன அளவில் அடங்கும் ஆற்றல் குறைகிறது.

விவாதமும் வணிகமும்

2002 இல் மாசாச்சுசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் யெட்-மிங் சியாங் குழுவினர், நையோபியம் போன்ற தனிமங்களைச் சிறிதளவு சேர்த்துக் கடத்துதிறனைப் பத்துக் கோடி மடங்கு உயர்த்தியதாக அறிவித்தனர். 2004 இல் நசார் குழுவினர் இதற்கு வேறு விளக்கம் அளித்தனர்: துகள்களின் மேற்பரப்பில் உருவாகும் இரும்பு பாசுபைடு வலையமைப்பே மின்சாரத்தைக் கடத்துகிறது என்றனர். நானோ அளவில் பொருளின் உட்பகுதிப் பண்பையும் மேற்பரப்புப் பண்பையும் பிரித்தறிவது எவ்வளவு கடினம் என்பதை இவ்விவாதம் உணர்த்தியது.

சியாங் பங்கேற்று 2001 இல் தொடங்கிய ஏ123 சிஸ்டம்ஸ் நிறுவனம், மின்கருவிகளுக்கு இம்மின்கலங்களை விற்றது. 2009 இல் அமெரிக்க அரசு அதற்கு 24.9 கோடி டாலர் மானியம் அறிவித்தது. எனினும் எதிர்பார்த்த அளவுக்கு மின்வாகனச் சந்தை வளரவில்லை. 2012 இல் நிறுவனம் திவாலானது. அடுத்த ஆண்டு அதன் பெரும்பகுதியைச் சீனாவின் வான்சியாங் குழுமம் வாங்கியது.

இன்றைய நிலை

சீன உற்பத்தியாளர்கள் இப்பொருளைத் தொடர்ந்து வளர்த்தெடுத்தனர். 2020 இல் பிஒய்டி நிறுவனம் நீண்ட தகடு வடிவிலான கலங்களைப் பொதியில் நேரடியாக அடுக்கி, இடவிரயத்தைக் குறைத்தது. 2024 இல் உலக மின்வாகன மின்கலச் சந்தையில் ஏறக்குறைய பாதி இவ்வகையினதாக இருந்தது.

2019 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு குடினஃப், விட்டிங்காம், யோசினோ ஆகியோருக்கு வழங்கப்பட்டது. அப்போது 97 வயதான குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மந்திரம். அமெரிக்கா, கனடா, ஜப்பான், சீனா எனப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களின் உழைப்பு சேர்ந்ததால்தான், மலிவான இரும்பு வாகனத்தை ஓட்டும் அளவுக்கு வலுப்பெற்றது.