மட்டசனம் போதித்த பதுவை முதியவர்

பதுவை என்றதும் நம் நினைவில் எழுபவர் புனித அந்தோணியார். அவருடைய பேராலயத்திற்குச் சற்றுத் தொலைவில், வளைவுகளும் தூண்களும் அமைந்த ஒரு மண்டபமும் அதனை அடுத்து ஓர் இசைக்கூடமும் இன்றும் உள்ளன. நாடகங்கள் நிகழ்த்துவதற்கென்றே 1524இல் அம்மண்டபத்தைத் தம் வீட்டு முற்றத்தில் எழுப்பியவர் லூயிஜி கொர்னாரோ. பெரும் நிலக்கிழார், கலைஞர்களைப் புரந்தவர், பதுவை மறைமாவட்டத்தின் நிலபுலன்களை ஆயருக்காக மேற்பார்வையிட்டவர். ஆனால் அவருடைய பெயர் நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருப்பதற்குக் காரணம் மண்டபமன்று, ஒரு சிறு நூல். முதுமைக்கான மருத்துவம் முதுமையில் தொடங்குவதன்று, நடுவயதிலேயே தொடங்க வேண்டியது என்பதைத் தம் உடலையே சான்றாக வைத்து அவர் எழுதினார்.

முதியோர் நலம் பற்றி அவருக்கு முன்பு எவரும் எழுதவில்லை என்பதன்று. முதுமை இயல்பானது, அது நோயன்று என்று கிரேக்க மருத்துவர் காலென் கி.பி. 2ஆம் நூற்றாண்டிலேயே கூறினார். முதியவர்களின் உணவு, நடை, குளியல் ஆகியவற்றையும் விரித்துரைத்தார். 1489இல் உரோமையில் கபிரியேலே செர்பி என்னும் மருத்துவர் முதியோர் பராமரிப்புக்கென்றே தனி நூல் ஒன்றை அச்சிட்டுத் திருத்தந்தை எட்டாம் இன்னொசென்டுக்குக் காணிக்கையாக்கினார். முதியவரை அருகிருந்து பேணுபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதுகூட அந்நூலில் உண்டு. எனினும் அவை மருத்துவர்கள் இலத்தீனிலும் கிரேக்கத்திலும் கற்றோருக்காக எழுதியவை. பேணப்படும் முதியவரின் குரல் அவற்றில் அரிதாகவே ஒலிக்கிறது. கொர்னாரோ மருத்துவரல்லர், தம் மக்கள் பேசிய மொழியில் எழுதிய இல்லறத்தார்.

இளமையில் அவர் உணவிலும் குடியிலும் கட்டற்று வாழ்ந்தார். முப்பத்தைந்து வயதுக்கும் நாற்பதுக்கும் இடையில் அதற்குரிய விலையைக் கொடுக்க நேர்ந்தது. வயிற்றுவலி, விலாவலி, கீல்வாதத்தின் தொடக்கம், விடாத காய்ச்சல், தீராத தாகம் என்று தம் துன்பங்களை அவரே அடுக்குகிறார். மருந்துகளெல்லாம் தோற்றபின், ஒழுங்கான அளவுணவு ஒன்றே வழி, இல்லையேல் சில மாதங்களில் சாவு என்று மருத்துவர்கள் கூறிவிட்டனர். அவர் இணங்கினார். நாவுக்கு இனியதெல்லாம் வயிற்றுக்கும் நல்லது என்னும் பழைய நம்பிக்கையைத் தம் உடலிலேயே சோதித்துப் பார்த்துப் பொய்யெனக் கண்டார். ஓராண்டிற்குள் நோய்கள் நீங்கின. அதன்பின் நாளொன்றுக்கு ரொட்டி, இறைச்சி, முட்டை, கஞ்சி ஆகிய எல்லாம் சேர்ந்து 12 அவுன்சு, திராட்சை இரசம் 14 அவுன்சு என்பதே அவர் வகுத்துக்கொண்ட அளவு. அக்காலத்து அவுன்சு ஊருக்கு ஊர் மாறுபட்டது. எப்படிக் கணக்கிட்டாலும் அரைக் கிலோவுக்குக் குறைந்த உணவே அது.

நூலின் சுவையான பகுதி அவருக்கு நேர்ந்த இரு சோதனைகள். எழுபதாம் வயதில் அவருடைய வண்டி கவிழ்ந்தது. குதிரைகள் அதை இழுத்துக்கொண்டு ஓடின. தலையிலும் உடலிலும் காயங்கள். ஒரு கையும் ஒரு காலும் மூட்டு விலகின. மூன்று நாள்கூடத் தாங்கமாட்டார் என்றெண்ணிய மருத்துவர்கள், இரத்தம் வாங்கவும் பேதிக்குக் கொடுக்கவும் முனைந்தனர். தம் உடலில் கெட்ட நீர்கள் தேங்கியிருக்க வழியில்லை என்று கூறி அவர் இரண்டையும் மறுத்தார், மூட்டுகளைச் சரிசெய்து எண்ணெய் தேய்த்தாலே போதும் என்றார், பிழைத்தெழுந்தார். இரத்தம் வாங்குதல் எத்தனை பேரைக் கொன்றது என்பதை அறிந்த நமக்கு, அந்த மறுப்பே அவருடைய மிகச் சிறந்த மருத்துவ முடிவு என்று தோன்றுகிறது.

இரண்டாம் சோதனை அன்பினால் வந்தது. முதுமையில் உடல் தளரும், ஆகவே கூடுதலாக உண்ண வேண்டும் என்று உற்றாரும் மருத்துவரும் நச்சரித்தனர். அப்போது தமக்கு எழுபத்தெட்டு வயது என்கிறார். இறுதியில் இணங்கி, உணவை 14 அவுன்சாகவும் இரசத்தை 16 அவுன்சாகவும் உயர்த்தினார். பத்து நாளில் கலகலப்பான மனிதர் சிடுசிடுப்பானவராகிவிட்டார். பன்னிரண்டாம் நாள் விலாவில் கடும் வலி. தொடர்ந்து 35 நாள் காய்ச்சல். பழைய அளவுக்குத் திரும்பியபின்னரே நலம் பெற்றதாக எழுதுகிறார். காய்ச்சலுக்கு அந்த இரண்டு அவுன்சுதான் காரணம் என்று இன்றைய மருத்துவர் எவரும் ஒப்பமாட்டார். ஆயினும், 'இன்னும் ஒரு கரண்டி' என்று வற்புறுத்தும் அன்பை எந்த வீட்டு முதியவர்தான் அறியார்?

1558இல் பதுவையில் வெளிவந்த இந்நூலை நம் திருச்சபை வட்டாரத்தில் பரப்பியவர் லூவேன் நகரில் கற்பித்த இயேசு சபை இறையியலாளர் லெயோனார்டு லெசியுசு. நலிந்த உடலினரான இவர், 1613இல் ஆண்ட்வெர்ப்பில் உடல்நலம் பற்றித் தாம் எழுதிய நூலுடன் கொர்னாரோவின் நூலையும் இலத்தீனில் பெயர்த்து வெளியிட்டார். நெடுநாள் வாழ்வது மட்டும் லெசியுசின் நோக்கமன்று. புலன்களும் அறிவும் நினைவும் இறுதிவரை பழுதுபடாதிருக்க வேண்டும் என்பதை நூலின் தலைப்பிலேயே வைத்தார். இங்கே நம் பழைய ஞானோபதேசத்தின் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. தலையான பாவங்கள் ஏழனுள் போசனப்பிரியத்திற்கு எதிரான புண்ணியம் மட்டசனம். மட்டு என்றால் அளவு, அசனம் என்றால் உணவு. திருவிழா அசனம் பரிமாறும் ஊர்களில் அச்சொல்லின் முன்பாதி எளிதில் மறந்துபோவது வேறு செய்தி.

இனி ஒரு சிக்கல். கொர்னாரோ தம் நூல்களை எண்பத்து மூன்றிலும், எண்பத்தாறிலும், தொண்ணூற்றொன்றிலும், தொண்ணூற்றைந்திலும் எழுதியதாகக் கூறினார்; நூறு வயதை எட்டியவர் என்றே நெடுங்காலம் போற்றப்பட்டார். அவர் இறந்தது 1566 மே 8 என்பது உறுதி. பிறந்தது 1484ஐ ஒட்டியே என்பது இன்றைய வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. அப்படியானால் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 82 ஆண்டுகள். வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். தம் கொள்கைக்கு வலுச் சேர்க்கவே அவ்வாறு செய்தாரென நான் கருதுகிறேன். தேவையற்ற மிகை அது. நாற்பதில் கைவிடப்பட்ட ஒருவர் அந்த நூற்றாண்டில் எண்பதைக் கடந்து, தெளிந்த அறிவோடு எழுதிக்கொண்டிருந்ததே போதிய வியப்பன்றோ?

அவருடைய தருக்கத்தையும் நீட்சே 1889இல் வெளியான நூலில் சாடினார். குறைவாக உண்டதால் அவர் நெடிது வாழவில்லை. அவருடைய உடலின் மந்தமான இயக்கமே குறைவான உணவை வேண்டியது. காரணத்தையும் விளைவையும் அவர் தலைகீழாக்கிவிட்டார் என்பது அவருடைய வாதம். ஒரே மனிதரின் சான்றை வைத்து இவ்வழக்கைத் தீர்க்க இயலாது. 1935இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, உணவு குறைக்கப்பட்ட எலிகள் கூடுதல் காலம் வாழ்வதைக் காட்டினார். குரங்குகளிடம் நடந்த இரு நீண்ட ஆய்வுகளில், 2009இல் வந்த ஒன்று நன்மை கண்டது. 2012இல் வந்த மற்றொன்று ஆயுள் கூடவில்லை என்றது. மனிதரிடம் ஈராண்டு நடந்து 2015இல் வெளியான ஆய்வில், உணவின் ஆற்றலை ஏறத்தாழ 12 விழுக்காடு குறைத்தவர்களுக்கு இரத்த அழுத்தமும் கொழுப்பும் சீரடைந்தன. ஆனால் எலும்பின் அடர்த்தியும் தசையும் சற்றுக் குறைந்தன. அவர்கள் ஐம்பது வயதைத் தாண்டாதவர்கள். எனவே எண்பது வயதுப் பாட்டி கொர்னாரோவைப் படித்துவிட்டுத் தட்டை ஒதுக்கினால், அவருக்கு மருமகளின் வற்புறுத்தலே நல்ல மருந்து. முதுமையில் தசை கரைவதும் புரதம் போதாமையும் உண்மையான ஆபத்துகள். அளவுணவு என்னும் முதலீட்டை நாற்பதில் செய்ய வேண்டும். எண்பதில் தொடங்குவது காலங்கடந்த சிக்கனம்.

இந்நூலைப் படிக்கையில் வேறொன்று என்னை உறுத்துகிறது. கொர்னாரோவின் வீட்டிலேயே தங்கி, அவருடைய ஆதரவில் நாடகம் எழுதி நடித்தவர் ஆஞ்செலோ பெயோல்கோ. ருசாந்தே என்பது மக்கள் அறிந்த பெயர். 1528ஐ ஒட்டிய பஞ்சக் காலத்தில் அவர் எழுதிய நகைச்சுவை உரையாடலில், பட்டினியில் வாடும் ஒரு குடியானவன், தன்னையே தின்று வயிறு நிறைந்தவனாகவாவது சாகலாமென்று எண்ணுகிறான். கொர்னாரோ 12 அவுன்சை அளக்கத் தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுவே. ஒருவர் விரும்பிக் குறைத்தார். மற்றவருக்குக் குறைக்க எதுவுமில்லை. மட்டசனம் புண்ணியமாவதற்கு முதலில் தட்டில் உணவிருக்க வேண்டும். ருசாந்தே 1542இல், ஐம்பதைத் தொடாமலே இறந்தார்.

எனினும் நிலக்கிழாரை அவ்வளவோடு விட்டுவிடுவது நீதியன்று. பதுவையைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி அவற்றை விளைநிலமாக்குவதில் அவர் வாழ்நாளெல்லாம் முனைந்தார். கடற்கழியின் நீர்நிலை கெடுமென்று வெனீசு அரசின் நீரியல் வல்லுநர் கிறிஸ்தோபோரோ சப்பாதீனோ அவரோடு கடுமையாக மோதினார். அம்முயற்சியில் கொர்னாரோவுக்கு ஆதாயமும் இருந்தது. ஆனால் சதுப்பை ஒட்டி வாழ்ந்தவர்களைக் கொன்ற காய்ச்சலுக்குக் கெட்ட காற்றே காரணமென்று அன்று நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லின் பொருளே அது. கொசுவே அதைச் சுமக்கிறது என்பதற்கு நம் நாட்டில், செகந்தராபாத்தில், ரொனால்டு ராஸ் 1897இல் தான் சான்று கண்டார். காரணத்தை அறியாமலே கொர்னாரோ தண்ணீரை வடித்தார். தம் ஊர் ஒன்றைப் பற்றி அவர் எழுதுகிறார்: முன்பு அங்கே காற்று கெட்டிருந்தது; குழந்தைகளை வளர்த்தெடுப்பதே அரிதாயிருந்தது; நீரை வடித்தபின் மக்கள் வந்து குடியேறினர், பெருகினர்; இறைவனுக்கு ஆலயத்தையும் பீடத்தையும், அவரை வழிபட ஆன்மாக்களையும் தாம் அளித்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார். இவ்வளவும் அதே சிறு நூலில், தட்டைப் பற்றிய பக்கங்களுக்கு நடுவே, சில வரிகளில் அவர் சொல்லிக் கடந்துபோகும் செய்தி.